ராத்திரி முழுவதும் ஒரு நேர்கோடு

விடியற்காலையில் மாவு பிசையும் மிஷினைப் போட்டால் வீடு மொத்தமும் இருட்டாகிவிடுகிறது. மிஷினை நிறுத்தினால் கொஞ்ச நேரத்தில் வெளிச்சம் தானாகத் திரும்பிவிடுகிறது. பேட்டரி காலியா என்று பார்த்தால் அதுவும் இல்லை, கால் பங்குக்கு மேல் மிச்சம் இருப்பதாக இன்வெர்ட்டர் காட்டுகிறது. பகலில் அதே மிஷின், அதே வயரில், ஒரு முனகலும் இல்லாமல் ஓடுகிறது.

ரொட்டிக்கடை அண்ணன் என்னிடம் கொண்டுவந்த பிரச்சினை இது. அவர் வீட்டுக்குச் சோலார் போட்டுக்கொடுத்தவன் நான். கொட்டகைக் கூரையில் ஆறு பேனல், உள்ளே ஒரு இன்வெர்ட்டர், நாலு பெரிய பேட்டரி. எங்கள் பக்கத்தில் ராத்திரிச் சாப்பாடு முடிகிற நேரத்தில் கரண்டை எடுத்துவிடுவார்கள். பொழுது விடிந்த பிறகுதான் விடுவார்கள். ரொட்டி போடுகிறவருக்கு அந்த இடைப்பட்ட நேரம்தான் வேலை நேரம்.

"தம்பி, சூரியனைக் கூரையில கட்டிப்போட்டாச்சுன்னு சொன்னீங்க. பகல்ல ஒழுங்காத்தான் நிக்குது. ராத்திரி அவுத்துக்கிட்டு ஓடிருது" என்றார்.

"மழை பேஞ்சுக்கிட்டே இருக்குண்ணே. பேனலுக்கு வெயில் பத்தல. பேட்டரி ரொம்பலன்னா என்ன செய்யும்?"

"அப்ப வானம்தான் குத்தவாளி?"

"வானம்தான்."

ஒரு வாரம் கழித்து மறுபடி கூப்பிட்டார். "வானம் கழுவிவிட்ட மாதிரி இருக்கு தம்பி. இப்ப யாரை உள்ள பிடிச்சுப் போடப்போறீங்க?"

மறுநாள் கோழி கூவும் முன்னால் போனேன். கொட்டகையில் விறகடுப்பு ஏற்கனவே சிவந்திருந்தது. வெளியே பனி, உள்ளே அனல். கதவருகில் நின்றால் முதுகு குளிரும், முகம் காயும். அண்ணன் மிஷின் தொட்டியில் மாவைக் கொட்டி, உப்பும் சர்க்கரையும் போட்டு, வெதுவெதுப்பான தண்ணீரில் பொங்கிநின்ற ஈஸ்ட்டை ஊற்றினார். அக்கா தட்டுகளுக்கு எண்ணெய் தடவிக்கொண்டிருந்தார். வெள்ளை மாவு படிந்து இரண்டு பேருக்குமே புருவம் நரைத்ததுபோல் இருந்தது.

"இந்தா பாருங்க, கூத்தை" என்று சுவிட்சைத் தட்டினார் அண்ணன்.

மிஷின் ஒருமுறை உறுமியது. கொக்கி கால் சுற்று திரும்பியது. பல்பு மஞ்சளாகி, சிவப்பாகி, அணைந்தது. இன்வெர்ட்டர் கீ கீ என்று கத்தத் தொடங்கியது. நான் டார்ச்சைத் தேடுவதற்குள் அக்கா எண்ணெய்க் கையோடு ஓடிவந்து மிஷினின் பிளக்கை வெடுக்கென்று பிடுங்கிப்போட்டார்.

"போதும், விடுங்க. கையாலயே பிசைஞ்சுக்கலாம்."

"இருடி, தம்பி பாக்கட்டும்."

"என்னத்தப் பாக்கிறது? பிசையற கை இங்க இருக்கும்போது மிஷினுக்கு எதுக்குத் தொங்கணும்?"

கொஞ்ச நேரத்தில் பல்பு மீண்டும் எரிந்தது. அக்கா மாவை மரத்தொட்டிக்கு மாற்றி முழங்கை வரை கையை விட்டார். மடித்து, குத்தி, தள்ளி, திருப்பி, மறுபடி மடித்து. எதிர்ப்பக்கத்திலிருந்து அண்ணன். இரண்டு பேரும் ஒரே தாளத்தில் முன்னும் பின்னும் போய்வந்தார்கள். மாவு முதலில் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. பிறகு இறுகி, பளபளத்து, விரலால் அழுத்தினால் மெல்ல எழுந்து வந்தது.

"இந்தச் சோலாரைப் போடச் சொல்லி ஒத்தக்கால்ல நின்னது இவதான் தம்பி. என் தோள்பட்டை போச்சு, மிஷின் வாங்கணும், ராத்திரியில கரண்டு வேணும்னு. இப்ப இவளே பிடுங்கிப்போடறா. பொம்பள மனசு கடவுளுக்கே விளங்காது."

அக்கா நிமிரவில்லை. "கடவுள் ரொட்டி சுட்டுப் பாக்கட்டும், விளங்கும்."

கண்ணுக்கு அடியில் கருவளையம். குளிர்காலத்திலும் நெற்றியில் வேர்வை. மாவிலிருந்து கையை எடுத்ததும் விரல்களை மடக்க முடியாமல் மடியில் வைத்துத் தேய்த்துக்கொண்டார். மகளுக்கு அடுத்த மாதம் பிரசவம். தூரத்து ஊர். அம்மா கூட வந்து இருக்கவேண்டும் என்று தினமும் போன் வருகிறதாம். இவர் முதுகுவலி, பஸ்ஸில் உட்கார முடியாது என்று சொல்லிக்கொண்டிருக்கிறார். "இவ்வளவு மாவு பிசையற முதுகு பஸ்ஸுல உக்காராதாம்" என்று அண்ணன் முணுமுணுத்தார்.

விளக்கு ஏன் அணைகிறது என்பது எனக்கு அன்றைக்கே புரிந்துவிட்டது. மேல்தொட்டியில் அடியில் கொஞ்சம் தண்ணீர் கிடக்கும்போது ஒரு குழாயைச் சொட்டுச் சொட்டாகத் திறந்தால் வந்துகொண்டேயிருக்கும். பெரிய குழாயை முழுக்கத் திறந்தால் காற்றுதான் வரும். பேட்டரியும் அப்படித்தான். மோட்டார் நின்ற நிலையிலிருந்து கிளம்பும்போது, ஓடும்போது இழுப்பதைப்போலப் பல மடங்கு கரண்டை ஒரே மூச்சில் இழுக்கும். அடிவண்டலில் இருக்கும் பேட்டரி அந்த இழுப்பில் துவண்டுவிடும். இன்வெர்ட்டர் பயந்து கடையைச் சாத்திவிடும். மோட்டாரைக் கழற்றினால் பேட்டரி மூச்சுவிட்டு எழுந்திருக்கும், கடை மறுபடி திறக்கும்.

புரியாதது வேறு. பேட்டரி ஏன் விடியலுக்குள் அடிவண்டலுக்குப் போகிறது? சாயங்காலம் முழுக்க நிரம்பியிருக்கிறது. குளிர்காலம், ஃபேன் இல்லை. ஒரு ஃபிரிட்ஜும் நாலு விளக்கும் அவ்வளவு தின்னாது.

இன்வெர்ட்டர் தான் கொடுக்கிற கரண்டைக் கணம் கணமாகக் குறித்துவைக்கும். அதைப் போனில் கோடாகப் பார்க்கலாம். அன்று மதியம் சாப்பிட்டு முடித்த அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்து, ராத்திரிக் கோட்டை விரித்துக் காட்டினேன்.

"இந்தப் படிக்கட்டு மாதிரி ஏறி இறங்குது பாருங்க, இது ஃபிரிட்ஜு. கொஞ்ச நேரம் ஓடும், குளிர்ந்ததும் நிக்கும், மறுபடி ஓடும். மூச்சுவிடற மாதிரி. இதுக்கு அடியில பாருங்க."

"என்ன, ஒண்ணும் இல்லையே."

"ஒண்ணும் இல்லன்னா கோடு தரையில படுக்கணும்ணே. இது தரைக்கு மேல நிக்குது. ராத்திரி முழுக்க நேரா, நூல் பிடிச்ச மாதிரி. ஏதோ ஒண்ணு நூத்தம்பது வாட்டுக்குக் குடிச்சுக்கிட்டே இருக்கு. ஏறலை, இறங்கலை, தூங்கலை."

அண்ணன் போனை வாங்கித் தள்ளிப்பிடித்துப் பார்த்தார். "எங்க வீட்ல ராத்திரி தூங்காம இருக்கிறது எலி மட்டும்தான். எலி கரண்டு குடிக்குமா? பக்கத்து வீட்டுக்காரன் கொக்கி போட்டிருப்பானோ? அந்த மூஞ்சியைப் பாத்தா போடற மூஞ்சிதான்."

"பகல்லயும் அதே கோடு இருக்குண்ணே. இப்பவும் ஓடிக்கிட்டிருக்கு. கண்டுபிடிக்கிறது சுலபம். வீட்டுக்குள்ள போற ஒவ்வொரு லைனுக்கும் பெட்டியில ஒரு சின்ன சுவிட்ச் வெச்சிருக்கேன். ஒண்ணொண்ணா இறக்குவோம். எதை இறக்கினா கோடு தரைக்கு வருதோ, அந்த லைன்ல இருக்கான் திருடன்."

அடுக்களையில் பாத்திரம் ஒன்று விழுந்தது. அக்கா வாசலில் வந்து நின்றார். "இப்பவேவா? டீ போடறேன், குடிச்சிட்டுச் செய்யலாமே தம்பி."

"ஒரு நிமிஷ வேலைக்கா."

"நாளைக்குப் பாத்துக்கலாமே. உங்களுக்கும் நாலு வேலை இருக்கும்."

"கிணறு வெட்டியாச்சு, தண்ணியைப் பாக்காம போகச் சொல்றியா? இறக்குங்க தம்பி" என்றார் அண்ணன்.

அக்கா சட்டென்று திரும்பி மாடிப்படி ஏறிப்போனார். துணி காயப்போட்டிருப்பார் என்று நினைத்தேன்.

அடுக்களை சுவிட்சை இறக்கினேன். படிக்கட்டு மறைந்தது, நேர்கோடு அப்படியே நின்றது. முன்னறையை இறக்கினேன். நின்றது. கொட்டகையை இறக்கினேன். அதற்கும் அசையவில்லை. மிச்சம் இருந்தது மாடிப்படி விளக்குக்கான லைன் ஒன்றுதான். மாடியறையைப் பேட்டரியில் சேர்க்கவேண்டாம், அங்கே யாரும் இல்லை என்று அண்ணன் சொல்லியிருந்தார். ஏறும்போது தடுக்காமல் இருக்கப் படிக்கட்டில் ஒரு பல்பும், அதன் அடியில் ஒரு பிளக்பாயின்ட்டும் மட்டும் வைத்திருந்தேன். அந்தச் சுவிட்சை இறக்கினேன்.

கோடு தரையில் விழுந்தது.

அந்தக் கணமே மேலேயிருந்து கீ… கீ… என்று ஒரு சத்தம். அதைத் தாண்டி அக்காவின் குரல்.

"போடுங்க! போடுங்க தம்பி! அதைப் போடுங்க, உங்க கால்ல விழறேன்!"

கை தானாகச் சுவிட்சைத் தூக்கிவிட்டது. சத்தம் நின்றது. அண்ணன் எழுந்து நின்றார். முகத்தில் மாவில்லாமலே வெளுப்பு.

"ஆளில்லாத மாடியில என்னது கத்துது?"

இருவரும் மாடிப்படிக்குப் போனோம். படிக்கட்டுப் பிளக்கில் ஒரு வயர் இருந்தது. கைப்பிடிச் சுவரின் அடியை ஒட்டி, பழைய கால்மிதிகளால் மூடி, மேலறை ஜன்னல் வழியாக உள்ளே போயிருந்தது. அண்ணன் நாலாவது படியில் நின்றுவிட்டார். பின்னால் வந்த நானும் நின்றேன். மேலறை அவர் மகனுடையது, அவன் போனபிறகு அவர் அந்தப் படிகளில் ஏறியதில்லை என்பது எனக்குப் பிறகுதான் தெரியும்.

அறை வீட்டின் மற்ற இடங்களைவிடக் கதகதப்பாக இருந்தது. சூடேறிய தூசியின் வாசம். மேஜைக்கு அடியில் பெரிய கம்ப்யூட்டர் பெட்டி ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. விளையாட்டுப் பிரியர்கள் வாங்குகிற வேகமான ரகம், சும்மா இருக்கும்போதே நிறையக் குடிக்கும். பக்கத்தில் கரண்டு போனால் சில நிமிஷம் தாங்கிப்பிடிக்கிற யூபிஎஸ். கத்தியது அதுதான். கொட்டகையில் இன்வெர்ட்டர் கத்தும் வேளைகளில் இதுவும் கத்தியிருக்கும். இதைக் கேட்கிற காது அக்காவுக்கு மட்டும்தான் இருந்திருக்கிறது.

திரையில் ஏதோ அலுவலகக் கணக்கு. பாதிவரை நிரப்பிய கட்டங்கள். அடுத்த கட்டத்தில் ஒரு சின்னக் கோடு சிமிட்டிக்கொண்டிருந்தது. மேஜையில் ஒரு கைக்கடிகாரம் மல்லாந்து கிடக்க, அதன் முகத்தின்மேல் மவுஸ் உட்கார்ந்திருந்தது.

அக்கா நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றார். நாற்காலியில் தலையணையும் போர்வையும்.

"தூக்கிக் குடுத்துட்டேன்னு சொன்னியே" என்றார் அண்ணன்.

"பொய் சொன்னேன்."

"ஒண்ணரை வருஷமாவா ஓடுது?"

"அணைச்சா பாஸ்வேர்டு கேக்குமாம். அது இல்லன்னா யாராலயும் திறக்க முடியாதாம். கடையில விசாரிச்சேன். உங்களுக்குத் தெரியுமா அவன் பாஸ்வேர்டு? எனக்குத் தெரியுமா? அவன் திறந்துவெச்சுட்டுப் போனது. திறந்தே இருக்கட்டும்னு விட்டுட்டேன்."

"இந்தக் கடிகாரம் எதுக்குக்கா?" என்றேன்.

அந்த முகத்தில் அன்று முதல்முறையாக ஒரு சிரிப்பு வந்துபோனது. "அது சின்னவன் பண்ணின தில்லுமுல்லு. வீட்லேர்ந்து வேலைல்ல? மவுஸு அசையலன்னா ஆள் தூங்கறான்னு கம்பெனிக்குத் தெரிஞ்சிருமாம். கடிகாரத்து மேல வெச்சா முள்ளு ஓட ஓட மவுஸு தானா அசையுது. 'அம்மா, கடிகாரம் வேலை பாக்குது, நான் டீ குடிச்சிட்டு வரேன்'னு கீழ வருவான்."

எனக்கு அந்த நிலையிலும் ஒரு வியப்பு. மவுஸின் அடியில் ஒரு சின்ன வெளிச்சமும் ஒரு கண்ணும் உண்டு. அந்தக் கண் மேஜையைப் படம் படமாக எடுத்துக்கொண்டே இருக்கும். படம் மாறினால் தான் நகர்ந்ததாக நினைத்துக்கொள்ளும். நொடிமுள் கடக்கும்போது படம் மாறுகிறது. அசையாத மவுஸ் அசைந்ததாகக் கம்ப்யூட்டர் நம்புகிறது. பூட்டிக்கொள்ளாமல் விழித்திருக்கிறது.

"கடிகாரத்துல பேட்டரி தீருமே?"

"தீர்றதுக்கு முன்னாடியே இன்னொரு கடிகாரத்தைப் பக்கத்துல வெச்சு மவுஸை மாத்திருவேன். ஒரு பொத்தானைத் தொட்டதில்ல தம்பி, எது மூடிக்கும்னு தெரியாதே. பழைய இன்வெர்ட்டர் இன்னைக்குச் செத்துரும் நாளைக்குச் செத்துரும்னு கிடந்துச்சு. அதான் சோலாருக்கு அடம்பிடிச்சேன்."

"என் தோளுக்காகன்னு நினைச்சேன்" என்றார் அண்ணன்.

அக்கா நாற்காலியிலிருந்த போர்வையை எடுத்து மடிக்கத் தொடங்கினார்.

அண்ணன் வாசலைத் தாண்டி உள்ளே வந்தார். திரையைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார். "அன்னைக்கும் இப்படித்தான் வெச்சுட்டு வந்தானா?"

"ஆமா."

"கடை கடையா ரொட்டி கொண்டுபோய்ப் போடற ஆளு வரல தம்பி அன்னைக்கு. கீழ நின்னு கத்தினேன். 'தொரை, பத்து நிமிஷம் அந்தக் கம்ப்யூட்டர் எலியைக் கீழ வெச்சா கம்பெனி முழுகிடாது, இந்த டிரேயைக் கடையில இறக்கிட்டு வா'ன்னு." ஜன்னலுக்கு வெளியே தெருவைக் காட்டினார். "மூலை திரும்பறதுக்குள்ள லாரி."

பெட்டியின் காற்றாடி கரகரவென்று சுற்றிக்கொண்டிருந்தது. அதன் பேரிங் தேய்ந்துவிட்டது என்பது கேட்டவுடனே தெரிந்தது.

நான் தரையில் உட்கார்ந்து பார்த்தேன். அவர்கள் இண்டர்நெட்டை நிறுத்தியிருந்தது ஒரு அதிர்ஷ்டம். இல்லையென்றால் கம்ப்யூட்டர் எப்போதோ தன்னைத்தானே புதுப்பித்து அணைத்துப் போட்டிருக்கும். அக்காவுக்கு உள்ளதைச் சொன்னேன்.

"கடைக்காரர் சொன்னது நிஜம்கா. உள்ள இருக்கிறதை எல்லாம் கலைச்சுப்போட்டுத்தான் எழுதிவெச்சிருக்கு. சேர்த்துப் படிக்கத் தெரிஞ்சது பாஸ்வேர்டு மட்டும்தான். ஆனா இப்ப திறந்திருக்கு. திறந்திருக்கிற வரைக்கும் உள்ள இருக்கிறதை வேற டிஸ்குல அள்ளிக்கலாம். அதை எந்தக் கம்ப்யூட்டர்லயும் பாக்கலாம்."

அக்கா என்னைப் பார்த்தார். "எல்லாமுமா?"

"படம், பேச்சு, எழுதினது எல்லாம். இந்தத் திரை இப்படியே நிக்குதே, இது மட்டும் வராதுக்கா. சிமிட்டற இந்தக் கோடு வராது."

"நான் தினமும் பாக்கிறது அது ஒண்ணுதான் தம்பி" என்றார்.

"இந்தக் காத்தாடி ரொம்ப நாள் தாங்காதுக்கா. சத்தம் கேக்குதுல்ல? அது நின்னா பெட்டி சூடாகித் தானா அணைஞ்சிரும். அப்ப ஒண்ணுமே மிஞ்சாது."

அக்கா யோசித்து மறுநாள் வரச் சொன்னார்.

இரண்டு டிஸ்கோடு போனேன். ஒன்று கெட்டால் ஒன்று. வயரைச் செருகும்போது அக்கா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார், செருகிய பிறகும் விடவில்லை. நகலெடுத்து முடித்ததை என் லேப்டாப்பில் போட்டு ஒவ்வொன்றாகத் திறந்து காட்டினேன். எடுத்தேன் என்று நம்புவது வேறு, திறந்து பார்ப்பது வேறு. கம்பெனிக் கணக்குகள், விளையாட்டுகள், யார் யாரோ நண்பர்களின் சுற்றுலாப் படங்கள். பலவற்றில் அவன் இல்லை. எடுத்தவன் அவனாக இருக்கும்.

"அவ்வளவுதானா?" என்றார் அக்கா.

"அவ்வளவுதான்கா. இன்னும் ஒண்ணு இருக்கு, சின்னது."

மைக்கைச் சரிபார்க்க எடுத்த வீடியோ. அவன் முகம் திரைக்கு மிக அருகில் வருகிறது. தலை கலைந்திருக்கிறது. "ஹலோ. கேக்குதா? கேக்குதா?" காதைக் கொடுக்கிறான். கீழேயிருந்து அண்ணனின் குரல் ஏதோ கத்துகிறது. "எனக்கு நல்லாவே கேக்குது" என்று சிரித்தபடி அணைத்துவிடுகிறான்.

அண்ணன் மறுபடி போடச் சொன்னார். மறுபடி. பிறகு எழுந்து சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

"தம்பி, அந்த மாவு மிஷினைக் கழட்டி எடுத்துட்டுப் போயிருங்க. என் கை இருக்கு. இது ஓடட்டும். எத்தனை பேட்டரி வேணும்னாலும் போடுங்க."

"எத்தனை நாளைக்குங்க?" என்றார் அக்கா.

"ஓடற வரைக்கும்."

"ஓடற வரைக்கும் நான்ல பக்கத்துல உக்காரணும். நான் படுத்துத் தூங்கி ஒண்ணரை வருஷம் ஆச்சு. சத்தம் வந்தா எந்திரிக்கணும், சத்தம் வரலன்னாலும் எந்திரிக்கணும். பெரியவ வயித்தைத் தள்ளிக்கிட்டு ஒத்தையில கிடக்கா, வாம்மா வாம்மாங்கறா. நான் ஒரு பொட்டிக்குக் காவல் இருக்கேன்."

"நான் பாத்துக்கறேன். நீ போயிட்டு வா."

"நீங்க அவனை உள்ள வெச்சுப் பூட்டிக்கிட்டு உக்காந்திருவீங்க. எனக்குத் தெரியாதா உங்களை?"



அக்கா மேஜையருகே போனார். மவுஸை ஒரு கையால் தூக்கி, மற்றக் கையால் கடிகாரத்தை எடுத்தார். மவுஸை வெறும் மேஜைமேல் வைத்தார். யாரும் எந்தப் பொத்தானையும் அழுத்தவில்லை. திரை அப்படியே இருந்தது. அந்தக் கோடு சிமிட்டிக்கொண்டிருந்தது. மூன்று பேரும் பார்த்துக்கொண்டிருந்தோம். தெருவில் யாரோ சைக்கிள் மணியடித்துப் போனார்கள். கீழே பால்காரர் கூப்பிட்டுப் பார்த்துவிட்டுப் போய்விட்டார். திரை மங்கியது. அண்ணனின் கை மவுஸை நோக்கி நீண்டது. அக்கா அந்தக் கையைப் பிடித்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டார். திரை கறுத்தது. அவன் பெயரும், அதன் கீழே ஒரு வெற்றுக் கட்டமும் வந்து நின்றன.

நான் யூபிஎஸ்ஸை நிறுத்தினேன். காற்றாடி சுற்றிச் சுற்றி ஓய்ந்தது. படிக்கட்டுப் பிளக்கிலிருந்து வயரை உருவிச் சுருட்டினேன்.

மறுநாள் ராத்திரிக் கோட்டில் ஃபிரிட்ஜின் படிக்கட்டு மட்டும் இருந்தது, அதற்கு அடியில் தரை. விடியற்காலையில் பேட்டரி பாதிக்கு மேல் இருந்தது. அண்ணன் சுவிட்சைத் தட்டியதும் மிஷின் முதல் சுற்றிலேயே கிளம்பி, விளக்கை ஒரு துளி மங்கவிடாமல், மாவு முழுவதையும் பிசைந்து முடித்தது.